ஆறாவது கட்டத்தில் இருந்தவர்

"செத்துப் போனவனை எந்த முகத்தோட மேடையில ஏத்துற நீ? அதுவும் நாலு மணிக்கு. டீ உண்டுன்னு வேற போட்டிருக்க."

டேப் அக்காவின் குரல் முதல் மாடி அலுவலகத்திலிருந்து படி இறங்கி, கீழே சாவி வெட்டும் கடையைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தையற்கடை வரைக்கும் போனது. தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். வேலை கிடக்கட்டும், விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்தால் மத்தியானம் சோறு இறங்காது அவருக்கு.

"நான் ஏத்தலை அண்ணி. கட்டம் காலியா இருந்துச்சு, டம்மி போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

"புருஷன் பேரை எழுதிட்டு மறந்துட்டியா?"

"நீங்க ஆறு வருஷம் மறந்தீங்களே, அதை விடவா?"

தையற்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்து பார்த்தார். மேலேயிருந்து மேற்கொண்டு ஒன்றும் வராததால் வேறு வழியில்லாமல் காலரைத் தைக்கப் போனார்.

டேப் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள்ளலங்காரம் செய்கிற தொழில். கழுத்தில் கயிறு கட்டிய இரும்பு அளவு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை அடி என்று அளந்துவிட்டுத்தான் உட்காருவாள். அந்த நகரத்தின் வடிவமைப்பாளர் வட்டத்துக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் செயலாளர். போட்டிக்கு யாரும் நிற்கவில்லை. நின்றால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாதம் ஒரு தாள் போடுவார்கள், 'வரும் மாதம்' என்று. ஊரில் படம் வரைகிறவர், நாற்காலி செய்கிறவர், விளக்கு செய்கிறவர் எல்லாரும் எங்கே கூடுகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு தாளில் ஆறு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி. அதை அடுக்கிக் கொடுப்பது அக்காவின் தம்பி மனைவி. போஸ்டர், அட்டைப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைப்பதையெல்லாம் அழகாக்கித் தருகிறவள். அந்த மாதம் ஐந்து நிகழ்ச்சிதான் தேறியது. மாணவர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் நாள் ஒன்று, உடைந்த நாற்காலியைச் சரிசெய்யும் பட்டறை ஒன்று, விளக்குக் கண்காட்சி ஒன்று, கடைத்தெருப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு நடை, அப்புறம் ஒருவர் வரைந்த கம்பெனிச் சின்னத்தை இன்னொருவர் கிழித்துத் தோரணம் கட்டும் மாலைக்கூட்டம். ஆறாவது கட்டம் காலி.

காலியாக விடக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் வட்டமே செத்துவிட்டது என்று நினைப்பார்களாம். அதனால் விஷயம் வந்து சேரும்வரை தம்பி மனைவி அதில் டம்மி போட்டு வைப்பாள். எல்லா மாதமும் ஒரே டம்மிதான். 'எழுத்துக்கு நடுவே விடும் வெள்ளை. உரை, மூன்றாம் சனி, மாலை 4, இரண்டாம் மாடிக் கூடம். டீ உண்டு.' கீழே அவள் புருஷன் பெயர். அவன் இருந்த காலத்தில் அது அவர்களுக்குள் ஒரு கேலி. அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிட்டு, "இந்த மாசமும் உங்க பேச்சு ரத்து" என்பாளாம். அவனும் "கூட்டம் தாங்காதுன்னு பயந்துட்டாங்க" என்பானாம்.

இந்த முறை எடுக்கவில்லை. அச்சுக்கு முன் பிரதியை எல்லார் பார்வைக்கும் அனுப்பியிருந்தாள். பதினெட்டுப் பேர் பார்த்தார்கள். ஓரம் கொஞ்சம் நெருக்கம் என்றார் ஒருவர். நீலம் அழுக்காக இருக்கிறது என்றார் இன்னொருவர். அக்காவே அளவுகோல் வைத்து அளந்து, மூன்றாவது கட்டம் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, சரிசெய்யச் சொல்லி, 'ஓகே' போட்டாள். ஒருத்தராவது படித்திருக்க வேண்டுமே. வடிவமைக்கிறவர்களுக்கு எழுத்து என்றால் உருவம்தான். வாசிக்கிற வேலையை வேறு யாரோ செய்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாற்பது இடத்தில் ஒட்டியாகிவிட்ட பிறகு, ஒரு மருந்துக்கடை வாசலில், மாத்திரைக்கு நின்ற நேரத்தில் அக்கா முதல் தடவையாக அதைப் படித்தாள். மாத்திரையை வாங்காமலேயே வந்துவிட்டாள்.

தம்பி எழுத்து வரைகிறவன். புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் நாம் பார்க்கிற எழுத்துகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து வளைவு வளைவாக வரைகிறார் அல்லவா, அந்த வேலை. பதினாலு மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேசையில் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. வாழ்ந்த காலத்தில் அவன் கேட்டது ஒரே ஒரு சனிக்கிழமை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விடுகிற வெள்ளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். ஆறு வருஷம் கேட்டான். அக்கா ஆறு வருஷமும் தள்ளிப்போட்டாள். கடைசியாகக் கேட்டது முழுக்கூட்டத்தில். "வெள்ளையைப் பார்க்க எவன்டா வருவான்? அவனவன் வீட்டுச் சுவர்லயே நிறைய இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு படியிறங்கிப் போனவன் அவளிடம் பேசவில்லை. ஏழு மாதம் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

சாவு வீட்டில் அக்கா அழவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மறுவாரம் அவள் தம்பியின் மேசையைக் குடைந்தாள். இழுப்பறை, கோப்பு, பழைய கவர், ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு குறிப்பாவது கிடைக்காதா என்று தேடினாள். ஒரு வரிகூட இல்லை. "எல்லாம் மண்டைக்குள்ளதான் வச்சிருந்தார்" என்றாள் தம்பி மனைவி. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அக்காவுக்கு அந்த ஏக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் என்ன சொல்லியிருப்பான்? இதைக் கேட்க முடிந்தால் மீதி ஆயுளில் பாதியைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தோன்றியதை யாரிடமும் சொல்ல மாட்டாள். டேப்பை இழுத்து எதையாவது அளப்பாள்.

ஆகவே சண்டைக்கு மறுநாள், நாற்பது தாளையும் சரிசெய்யத் தானே கிளம்பினாள். வேறு ஊர் மனிதர்களாக இருந்தால் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் குறுக்கே 'ரத்து' என்று கிறுக்கியிருப்பார்கள். அக்காவுக்குக் கை வருமா? கட்டத்தின் அளவுக்கு மயிரிழை பிசகாமல் வெள்ளைத்தாள் நறுக்கி, குமிழி விழாமல் ஒட்டினாள். நாற்பது இடத்திலும் ஆறாவது கட்டம் பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

அங்கேதான் வினை. முதல் வாரம் தாளைப் படித்திருந்த நாலு பேர் இரண்டாம் வாரம் அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். வெள்ளையைப் பற்றிய பேச்சுக்கு வெள்ளையையே விளம்பரமாக வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் படம் எடுத்துப் போட்டார். இப்படி ஒரு துணிச்சலான வேலையை இந்த நகரம் பார்த்ததில்லை என்றார் மற்றொருவர். மூன்று பேர் பெயர் கொடுத்திருந்த நிகழ்ச்சிக்கு முப்பத்தொரு பேர் ஆனார்கள். பதறிப்போன அக்கா வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'ஆறாவது நிகழ்ச்சி நடைபெறாது' என்று எழுதினாள். அதற்கும் இருபது இதயம் வந்து விழுந்தது. "வாவ்" என்று எழுதினார் விளக்குக்காரர். செத்துப்போன தம்பியோடு ஒரே மேசையில் வருஷக்கணக்காக டீ குடித்தவர் அவர், சாவுக்கும் வந்தவர். அவரைப் போல விஷயம் தெரிந்தவர்கள் இதை அஞ்சலிக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். தெரியாதவர்கள் ஆளையே பார்க்கப் போகிறோம் என்று நினைத்தார்கள். யாருக்கு யார் விளக்குவது?

சனிக்கிழமை மூன்று மணிக்கே அக்கா வந்துவிட்டாள். கதவருகே நின்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்புவது என்று முடிவு. அதே கட்டிடத்தின் இரண்டாம் மாடி ஏறினால் கூடம் திறந்திருக்கிறது. நாற்காலி போட்டிருக்கிறது. புரொஜெக்டர் எரிந்து சுவரில் வெறும் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது. வாட்ச்மேன் வாசலில் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆன மனிதர், யாரையும் தெரியாது.

"நாற்காலியை யார் போடச் சொன்னது?"

"சார் வந்து அவரே போட்டுட்டாரேம்மா. வரிசை ஒரு மாதிரியா இருக்குதேன்னு நான்தான் கேட்டேன். கண்ணுக்குச் சரியா இருக்கான்னு பாருங்க, அது போதும்னுட்டார்."

"எந்த சார்?"

"பேசுற சார்தான்." மனிதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன்னைச் சோதிக்கிறாளோ என்று நினைத்திருப்பார்.

அந்தக் கூடத்து நாற்காலிகள் ஒரே ஜாதி இல்லை. யார் யாரோ மாதிரிக்குச் செய்து கொடுத்தவை, ஒன்று அகலம், ஒன்று ஒடிசல், ஒன்றுக்கு முதுகு வளைவு. அதனால் எப்படிப் போட்டாலும் பல் போன வாய் மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு அச்சடித்த வரி போல இருந்தது. அக்கா கழுத்து டேப்பை இழுத்து இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்தாள். நாலு அங்குலம். அடுத்ததற்கு ஐந்தரை. அதற்கடுத்து மூன்றேகால். ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் சமம். டேப்புக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும் என்று தம்பி சொல்லிச் சொல்லி அவளோடு மல்லுக்கு நிற்பானே, அந்தச் சமம். அவள் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது. விரல் வெட்டுப்பட்டது தெரியவில்லை.

அதற்குள் கூட்டம் ஏறி வந்துவிட்டது. அக்கா யாரையும் திருப்பி அனுப்பவும் இல்லை, வரவேற்கவும் இல்லை. முன்னே போய் நின்று, "இந்தப் பேச்சு" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. ஊரையே வாயால் கட்டி மேய்க்கிற அக்கா திகைத்துப்போய் நிற்பதை எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். தழுதழுத்துவிட்டாள் என்று நினைத்துக் கொஞ்சமாகக் கைதட்டினார்கள். அவள் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணி அடித்தது. சுவரில் வெளிச்சம். முன்னால் ஒருவரும் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம், புரொஜெக்டரின் முனகல், தெருவில் யாரோ இரும்புக் கதவு இழுக்கிறார்கள். அக்காவுக்குக் கேட்டது அவ்வளவுதான்.

இதோ எழுந்து போய்விடுவார்கள் என்று காத்திருந்தாள். போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் நாலைந்து பேர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். நடிப்புதான் என்று முதலில் நினைத்தாள். இந்தக் கூட்டத்தை அவளுக்குத் தெரியாதா? புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளத் துணிகிறவர் ஒருவர் கிடையாது. வெறும் சுவரைக் காட்டினாலும் ஆழமாக இருக்கிறது என்பார்கள். அப்புறம் முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததில்லை, எல்லார் பார்வையும் முன்னால்தான். மறுபடி அமைதி. மறுபடி ஓர் இடத்தில் எல்லாருமாகப் பெருமூச்சு விட்டார்கள். அக்கா முன்னால் குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்தாள். அறுபது வயதுக் கிழவி போல அப்படி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் என்ன என்ற நினைப்பே இல்லை. மின்விசிறிதான் கேட்டது.

முக்கால் மணி கழித்து விளக்குக்காரர் எழுந்தார். "அப்போ வெளிச்சத்துக்கும் இதே கணக்குதானா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "சரிப்பா, புரியுது" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் யாரிடம் கேட்டோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறி, டீக்குக்கூட நிற்காமல் படியிறங்கிவிட்டார். மற்றவர்கள் கைதட்டி, வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்த டீயை முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் போனார்கள்.

படியில் ஒரு பெண்ணை அக்கா பிடித்துக்கொண்டாள். குழந்தைகளுக்குப் பொம்மை வடிவமைக்கிறவள், ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. தம்பியைக் கண்ணால் கண்டதில்லை, செத்த விஷயமும் தெரியாது.

"எப்படி இருந்துச்சும்மா பேச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. குரல்தான் கொஞ்சம் சன்னமா இருந்துச்சு. பின்னாடி உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் அக்கா.

"அந்த மேசைக் கதை என்னால மறக்கவே முடியாது. சின்ன வயசுல அவருக்கும் அவங்க அக்காவுக்கும் ஒரே மேசையாம். அக்கா நடுவுல சாக்பீஸ்ல கோடு போட்டாங்களாம். தினமும் காலையில கோட்டை அழிச்சு ஒரு நூல் அளவு இவர் பக்கம் தள்ளிப் போடுவாங்களாம். வருஷக் கடைசியில இவருக்கு ஒரு நோட்டு வைக்கத்தான் இடம் இருந்துச்சாம். தெரிஞ்சும் கேட்கலையாம். அக்காவுக்கு நிறைய இடம் வேணும், எனக்குக் கொஞ்சம் போதும், வெள்ளையை எவ்வளவு விடணும்னு அங்கதான் படிச்சேன்னார்." சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது..."

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோட்டைத் தள்ளிப் போட்டது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அம்மாவுக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தாள். அந்த வயதிலேயே அளவு எடுக்கத் தொடங்கியவள் அல்லவா, ஒரு நாளைக்கு ஒரு நூல் என்றால் யாருக்கும் பிடிபடாது என்று கணக்குப் போட்டுத்தான் செய்தாள்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி அன்று கூடத்துப் பக்கமே வரவில்லை. சமையலறை அலமாரியைக் காலி செய்து, டப்பாக்களைத் தரை முழுக்கப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"மேசைக் கோடு பத்தி அவன் உன்கிட்ட சொல்லியிருக்கானா?"

"எந்த மேசை?"

அக்கா சொன்னாள். பொம்மைக்காரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். தம்பி மனைவி ஒரு டப்பாவின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள், மறுபடி மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் சொன்னதில்லை அண்ணி. இதையெல்லாம் என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கார் பாருங்க." டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "அதுக்குத்தான் நான் வரலை. வந்து எனக்குக் கேட்டுட்டா என்ன பண்றது, கேட்கலைன்னா என்ன பண்றது. ரெண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை" என்றாள்.

"எனக்குக் கேட்கலை" என்றாள் அக்கா. "முப்பத்தொரு பேருக்குக் கேட்டுச்சு. எனக்கு மட்டும் கேட்கலை."

இவ்வளவு வருஷத்தில் அக்காவின் கையைத் தம்பி மனைவி பிடித்தது அன்றுதான்.

அடுத்த மாதத் தாளுக்கு ஆறு நிகழ்ச்சியும் தேறியிருந்தது. ஒன்றை எடுத்துவிட்டுத் தம்பியின் பேச்சைப் போடச் சொன்னாள் அக்கா.

"டம்மியா அண்ணி?"

"இல்லை, நிஜமாத்தான் போடு. நேரத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடு."

அந்த மூன்றாம் சனிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். முக்கால் மணி நேரம் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, போன தடவை மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. அதற்கடுத்த மாதம் இரண்டு பேர். அப்புறம் அக்கா மட்டும். முன்வரிசையில், நடு நாற்காலி. செயலாளர் பதவியைத் தானாகவே விட்டுக்கொடுத்தாள். அன்றைக்கு ஊரே ஒரு நிமிஷம் நின்று பார்த்தது. ஆனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள். கேட்கவும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அவளுக்கு இப்போதாவது கேட்கிறதா என்பதுதான் தையற்கடையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் அறிய விரும்பும் சங்கதி. வாட்ச்மேனைத் துருவிப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே ஒரே குரல்தான் கேட்கிறது, அம்மா குரல்தான் என்கிறார் அவர். ஒரு வாக்கியம் பேசுவாளாம். பிறகு நிறுத்துவாளாம். எதிராளி பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அப்புறம் "ம்" என்பாளாம். சில நாள் அந்த "ம்" வராமலே ஐந்து மணி ஆகிவிடுமாம்.

தம்பி மனைவி அடுத்த வருஷம், மாதத் தாளை அச்சடித்துக் கொடுத்துவந்த அச்சகக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய ஊருக்குப் போய்விட்டாள். பதிவு அலுவலகத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது டேப் அக்காதான். பொம்மைக்காரிக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. விளக்குக்காரர் செயலாளர் ஆனார். அந்தப் பொறுப்பு வந்த கையோடு தையற்காரரின் தங்கைக்கும் அவருக்கும் பேசி முடிந்தது. கல்யாணமான பிறகும் அவர் இரண்டாம் மாடிக்கு மட்டும் ஏறுவதில்லை, கூட்டங்களை எல்லாம் கீழேயே வைத்துக்கொள்கிறார். டேப் அக்கா, நாலு அறையும் பெரிய பால்கனியுமாக இருந்த தன் வீட்டை, எனக்குக் கொஞ்சம் இடம் போதும் என்று சொல்லி வாடகைக்கு விட்டுவிட்டு, கூடத்துக்கு நேர் கீழே, முதல் மாடியின் பின்பக்கத்தில் இருந்த ஒற்றை அறைக்குக் குடிவந்துவிட்டாள்.